ஒரு வினைச்சொல்லும் ஒரு மேசையும்

1529 அக்டோபர் தொடக்கம். ஜெர்மனியில் மார்பர்க் கோட்டையின் ஓர் அறை. விவாதம் தொடங்குமுன் மார்ட்டின் லூதர் சுண்ணக்கட்டியால் மேசைமேல் லத்தீனில் நான்கு சொற்களை எழுதினார்: 'ஹோக் எஸ்ட் கோர்ப்புஸ் மேயும்'. இது என் உடல். எழுதியதைத் துணியால் மூடிவிட்டார். எதிர்த் தரப்பில் சூரிச் நகரச் சீர்திருத்தவாதி உல்ரிச் ஸ்விங்லி.

கடைசி இரவு உணவில் அப்பத்தைப் பிட்டு இயேசு சொன்ன வாக்கியம் அது. அப்படியென்ன சண்டை அதில்? 'எஸ்ட்' என்ற ஒரே சொல்தான் சண்டை. தமிழில் அதை எழுதவே வேண்டியதில்லை. 'இது என் வீடு' என்றால் போதும், 'இருக்கிறது' வேண்டாம். இயேசு பேசிய அரமேயத்திலும் இப்படிப்பட்ட வாக்கியத்துக்கு வினைச்சொல் தேவையில்லை. கிரேக்கத்தில் எழுதப்பட்டபோது 'எஸ்தின்' வந்தது, லத்தீனில் 'எஸ்ட்' ஆனது. அந்தச் சொல்லின்மேல் ஐரோப்பாவே நின்று சண்டை போட்டது.

கத்தோலிக்க மரபு இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் வைத்திருந்தது. 1215இன் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அப்பமும் ரசமும் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்று அறிவித்தது. பிறகு தாமஸ் அக்வினாஸ் அரிஸ்டாட்டிலைத் துணைக்கு அழைத்து விளக்கினார்: நிறமும் ருசியும் அப்பத்தினுடையவை, உள்ளே இருக்கும் மெய்ப்பொருள் மட்டும் மாறிவிடுகிறது. லூதர் இந்தத் தத்துவ விளக்கத்தைத் தூக்கி எறிந்தார். ஆனால் கிறிஸ்து அங்கே மெய்யாகவே இருக்கிறார் என்பதை விடவில்லை. அப்பம் அப்பமாகவே இருக்கும், உடலும் அதோடு இருக்கும், எப்படி என்று கேட்காதே என்றார்.

ஸ்விங்லிக்கு இது உருவகம். கொர்னேலியுஸ் ஹூன் என்ற டச்சுக்காரரின் கடிதம் ஒன்று அவரிடம் வந்திருந்தது. 'எஸ்ட்' என்பதை 'குறிக்கிறது' என்று வாசிக்கலாம் என்ற திறவுகோல் அதில் அவருக்குக் கிடைத்தது. 'நானே திராட்சைச் செடி' என்று இயேசு சொன்னபோது யாரும் இலையைத் தேடவில்லையே! ஆதியாகமத்தில் ஏழு பசுக்கள் ஏழு வருடங்கள் என்று யோசேப்பு சொன்னதும் அப்படித்தானே? மாம்சம் ஒன்றுக்கும் உதவாது என்று யோவான் ஆறாம் அதிகாரம் சொல்கிறதே என்று கேட்டார். அந்த அதிகாரம் இந்த விருந்தைப் பற்றியதே அல்ல என்றார் லூதர். அந்த வசனம் உங்கள் கழுத்தை முறித்துவிடும் என்று ஸ்விங்லி சொல்ல, இது ஹெஸ்ஸே, சுவிட்சர்லாந்து அல்ல, இங்கே கழுத்து அவ்வளவு சுலபமாக முறியாது என்று லூதர் திருப்பிக் கொடுத்தார். ஒரு கட்டத்தில் மேசைத் துணியை விலக்கி, எழுதி வைத்திருந்ததைக் காட்டினார்.

இருவரும் படித்தவர்கள். இருவர் கையிலும் அதே வேதாகமம். பிறகு ஏன் இப்படி? வாசிக்க உட்காரும்போதே ஆளுக்கொரு பயத்தோடு உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. லூதர் குற்றவுணர்வில் துடித்த துறவி. தனக்கு வெளியே நின்று கடவுள் சொல்லும் சொல்லைத் தவிர அவருக்கு வேறு பிடி இல்லை. 'இது' ஆடினால் 'உன் பாவம் மன்னிக்கப்பட்டது' என்பதும் ஆடிவிடும். ஸ்விங்லியோ எராஸ்மஸின் கிரேக்கப் பதிப்பில் ஊறிய மனிதாபிமான மரபுக்காரர். சூரிச் தேவாலயங்களிலிருந்து 1524இல் சொரூபங்கள் அகற்றப்பட்டதில் அவர் போதனைக்கு முக்கியப் பங்கு உண்டு. படைத்தவனுக்குரிய வணக்கம் படைப்புக்குப் போய்விடக்கூடாது என்பது அவர் பயம்.

கூட்டத்தைக் கூட்டிய ஹெஸ்ஸே இளவரசர் ஃபிலிப்புக்கு அரசியல் அவசரம். அதே ஆண்டு ஸ்பேயர் மன்றத்தில் சீர்திருத்தத்துக்கு எதிரான தீர்மானத்தை எதிர்த்துக் குரல் கொடுத்ததால்தான் 'புராட்டஸ்டண்ட்' என்ற பெயரே வந்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு எதிரே ஒரே அணியாக நிற்க அவருக்குக் கூட்டணி தேவைப்பட்டது. எழுதப்பட்ட 15 பிரிவுகளில் 14இல் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவதிலும் பாதிக்கு மேல் ஒத்துப்போனார்கள். உடல் மெய்யாக அங்கே இருக்கிறதா என்பது மட்டும் பாக்கி. ஸ்விங்லி கண்ணீரோடு நின்றதாகச் சொல்கிறார்கள். லூதர் சகோதரராக ஏற்க மறுத்துவிட்டார். இரண்டு வருடத்தில், 1531 அக்டோபர் 11 அன்று, காப்பெல் போர்க்களத்தில் ஸ்விங்லி கொல்லப்பட்டார்.

இந்தச் சண்டை கப்பலேறி நம்மூருக்கும் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் லூதரன். 1947இல் ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபினர் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை அமைத்தபோதும் லூதரன்கள் அதில் இணையவில்லை. ஐரோப்பாவில் லூதரன்களும் சீர்திருத்தத் திருச்சபையினரும் ஒரே திருவிருந்து மேசையில் பங்குபெறலாம் என்று லொயன்பெர்க் உடன்பாட்டில் ஒப்புக்கொண்டது 1973இல். மார்பர்க்கிலிருந்து கணக்குப் போட்டால் 444 வருடம்.

நம் புராட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம் 'ஆயிருக்கிறது' என்று முடிகிறது. கத்தோலிக்கத் திருப்பலியிலோ 'உடல்' என்ற பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுகிறது, வினையே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வினைச்சொல் இல்லாமலேயே உடல் மெய்யாக அங்கே இருக்கிறது என்று கத்தோலிக்கர் நம்புகிறார்கள். அந்தச் சொல்லை அழுத்தமாக வாசிக்கும் புராட்டஸ்டண்ட்களில் பலருக்கு அது அடையாளம் மட்டும்தான். சொல்லைவிட, அதைக் கேட்கிற காது எந்த வீட்டில் வளர்ந்தது என்பதுதான் அர்த்தத்தை முடிவு செய்கிறது போலும்.