பிரம்மச்சரியமா, சத்தியமா, சம்மதமா? ஆண்-பெண் உறவில் எது சரி? திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் சொன்ன பதில்கள்

மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் அருப்புக்கோட்டை. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் திருச்சுழி. கரிசலும் சீமைக்கருவேலமும், பெரும்பாலான மாதங்கள் மணலாகவே கிடக்கும் குண்டாறும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஆண்-பெண் உறவில் எது அறம், எது தப்பு என்ற கேள்விக்கு ஒன்றுக்கொன்று சுத்தமாக ஒத்துப்போகாத பதில்கள் இந்தச் சின்ன வட்டாரத்தில் இருந்து வந்திருக்கின்றன.

இரண்டு மனைவியர் கொண்ட சுந்தரர் பாடிய கோயில் திருச்சுழியில் இருக்கிறது. 16 வயதில் வீட்டை விட்டுப் போய் கடைசி வரை திருமணமே செய்துகொள்ளாத ரமண மகரிஷி பிறந்ததும் அதே ஊர்தான். புரோகிதர் இல்லாமல் நடந்த முதல் சுயமரியாதைத் திருமணம் அருப்புக்கோட்டை பக்கத்துச் சுக்கிலநத்தத்தில். 2018-ல் தமிழ்நாட்டையே உலுக்கிய கல்லூரி மாணவிகள் ஆடியோ விவகாரமும் அருப்புக்கோட்டைதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுந்தரருக்குக் கண் போனது எதனால்?

திருச்சுழி பூமிநாதர் கோயில், பாண்டிய நாட்டின் 14 பாடல் பெற்ற தலங்களில் ஒன்று. அதைப் பாடிய சுந்தரரின் வாழ்க்கையை 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்கிறார். திருவாரூரில் பரவையாரை மணந்த சுந்தரர், பிறகு திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பார்த்து ஆசைப்படுகிறார். தூது போவது யார் தெரியுமா? சாட்சாத் சிவபெருமான்.

சங்கிலியார் உடனே தலையாட்டிவிடவில்லை. அவருக்கு ஏற்கெனவே திருவாரூரில் ஒரு வாழ்க்கை இருக்கிறதே என்று கேட்கிறார். உன்னை விட்டுப் பிரிய மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்வான் என்கிறார் சிவன். இங்கேதான் சுந்தரர் ஒரு வேலை பார்க்கிறார். நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் வெளியே மகிழ மரத்தடியில் போய் இருந்துகொள்ளுங்கள் என்று சிவனிடமே டீல் பேசுகிறார். சிவனோ சங்கிலியாரிடம் போய், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். மாட்டிக்கொண்ட சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்கிறார். பின்னால் வசந்த காலம் வந்து திருவாரூர் நினைவு இழுக்க, ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போகிறது.

கவனிக்க வேண்டியது: இரண்டு பெண்களை விரும்பியதற்காக அவருக்குத் தண்டனை இல்லை. சொன்ன சொல்லை மீறியதற்குத்தான் தண்டனை. உடல் ஆசையைப் பாவம் என்று கதை எங்கேயும் சொல்லவில்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு கடவுளின் நண்பனையே கட்டுப்படுத்தும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவு, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண வாக்குறுதி கொடுத்து உறவு கொள்வதற்கு 10 ஆண்டு வரை சிறை என்கிறது. மகிழ மரத்தடி விவகாரத்துக்குச் சட்டம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது எனலாம்.

அதற்காகப் பெரியபுராணத்தைப் பெண்ணுரிமை நூல் என்று கொண்டாடவும் முடியாது. இரண்டு கணவர் கொண்ட ஒரு பெண்ணை அந்த நூலில் யாரும் பாடவில்லை.

மனைவி 'தொடாதே' என்றால்?

அதே பெரியபுராணத்தில் இன்னொரு தம்பதி. தில்லையில் மண்பாண்டம் செய்யும் திருநீலகண்டர், வேறொரு பெண்ணிடம் போய்விட்டு வருகிறார். தெரிந்துபோன மனைவி, சிவனின் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, எம்மைத் தொடக் கூடாது என்கிறார். அவர் 'என்னை' என்று சொல்லவில்லை, 'எம்மை' என்றார். பன்மை. அப்படியானால் எந்தப் பெண்ணையும் தொடக் கூடாது என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார் கணவர். ஒரே வீட்டில் இருவரும் முதுமை வரை தொடாமல் வாழ்கிறார்கள். வெளியில் யாருக்கும் தெரியாது. (தமிழ் இலக்கணத்தில் ஒருமை, பன்மை ஒரு குடும்பத்தையே இப்படிப் புரட்டிப்போட்டதற்கு வேறு உதாரணம் கிடைப்பது கஷ்டம்.)

இந்த மனைவியின் பெயரைக்கூட நூல் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன 'வேண்டாம்' என்ற சொல்லுக்குக் கணவர் கட்டுப்பட்டார், அதனாலேயே நாயனார் ஆனார். இன்றைய நிலை என்ன? நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவில் உள்ள விதிவிலக்குப்படி, 18 வயது நிறைந்த மனைவியின் விருப்பத்துக்கு மாறாகக் கணவர் உறவு கொண்டால் அது பாலியல் வன்கொடுமை ஆகாது. இதை எதிர்த்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2 நீதிபதிகள் 2022 மே மாதம் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

குறள் யாரிடம் பேசுகிறது?

திருக்குறளின் 15-வது அதிகாரம் பிறனில் விழையாமை. தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: பிறன் இல், அடுத்தவன் மனைவி. அறிவுரை முழுக்க ஆணுக்கு. தப்பு நடந்தால் அநீதி அந்த இன்னொரு ஆணுக்கு என்ற பார்வையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் எழுதிய இந்திய தண்டனைச் சட்டம் 497-வது பிரிவும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். மனைவியோடு உறவு வைத்த ஆண் மீது வழக்கு, புகார் கொடுக்கும் உரிமை கணவருக்கு, கணவர் சம்மதித்தால் குற்றமே இல்லை. பெண் யாரோ ஒருவரின் உடைமையா என்று கேட்டு, 2018 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் விவாகரத்துக்கு அது ஒரு காரணமாக இன்றும் நீடிக்கிறது.

வள்ளுவரை இதோடு முடித்துவிட்டால் தப்பாகிவிடும். காமத்துப்பாலுக்கு அவர் 25 அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், அதில் பெரும்பகுதி பெண்ணின் குரல். காமத்தை அறத்துக்கும் பொருளுக்கும் பக்கத்தில் தனிப்பாலாக வைத்த மனிதர், அதை அசிங்கமாக நினைத்திருக்க வாய்ப்பில்லை.

ரமணர் சொன்ன பிரம்மச்சரியம் எது?

1879 டிசம்பர் 30, திருவாதிரை இரவு. திருச்சுழியில் வக்கீல் தொழில் பார்த்த சுந்தரம் ஐயர் - அழகம்மாள் தம்பதிக்குப் பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. 12 வயதில் அப்பா இறக்க, மதுரையில் சித்தப்பா வீடு. அங்கே கையில் கிடைத்த பெரியபுராணம் அவரை ஆட்டிவைத்தது. 1896 ஜூலையில் மரண அனுபவம், செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை. 1950 ஏப்ரல் 14-ல் மறையும்வரை அந்த மலையை விட்டு நகரவில்லை.

இப்படிப்பட்டவர் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் நினைப்போம்? கல்யாணம் வேண்டாம், பெண்ணைப் பார்க்காதே என்றுதானே? அங்கேதான் ஆச்சரியம். 1930களில் ஆசிரமத்தில் பதிவான உரையாடல்களில், பிரம்மச்சரியம் என்றால் பிரம்மத்தில் நிலைத்திருப்பது, நாம் வழக்கமாக நினைக்கும் உடல் கட்டுப்பாட்டோடு அதற்குச் சம்பந்தமில்லை என்ற பொருளில் பேசுகிறார். உடல் கட்டுப்பாடு ஒரு துணை, பல துணைகளில் ஒன்று. திருமணமானவர், ஆகாதவர் யாரானாலும் ஞானம் அடையலாம், அது மனப்பக்குவத்தைப் பொறுத்தது. துறவு வாங்கலாமா என்று கேட்டு வந்த குடும்பஸ்தர்களை அவர் ஊக்குவிக்கவே இல்லை. 'நான் குடும்பஸ்தன்' என்ற நினைப்பு போய் 'நான் சந்நியாசி' என்ற நினைப்பு வரும், அவ்வளவுதான் என்பது அவர் வாதம்.

அவரே முறைப்படி சந்நியாசம் வாங்கியவர் இல்லை. ஆசிரமச் சொத்து தொடர்பான வழக்கில் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டபோது, நான்கையும் கடந்த அதியாசிரமம் என்றார்.

காம எண்ணம் விடாமல் துரத்துகிறது என்று வந்தவர்களுக்கும் அதே மருந்து: இந்த எண்ணம் யாருக்கு வருகிறது என்று பார். குற்ற உணர்ச்சியில் நொந்துபோகிற ஒரு இளைஞனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை. உன்னைப் பாவி என்று யாரும் முத்திரை குத்தவில்லை. ஆனால் ஒரு குறை இருக்கிறது. இந்த விசாரணை முழுக்க உள்ளே திரும்புகிறது. எதிரில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும், அவள் என்ன நினைக்கிறாள் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

அதே காலத்தில் காந்தி வேறு வழி போனார். 1906-ல் தென்னாப்பிரிக்காவில் பிரம்மச்சரிய விரதம் எடுத்தார். கஸ்தூரிபாவிடம் சொன்னது விரதம் எடுக்கும் நேரத்தில்தான், அவர் மறுக்கவில்லை என்று சுயசரிதையில் காந்தியே எழுதுகிறார். கடைசிக் காலத்தில் நவகாளியில் இளம்பெண்களை வைத்துத் தன் மன உறுதியைச் சோதித்தது நெருங்கியவர்களையே அதிர வைத்தது. அப்போது உதவியாளராக இருந்த நிர்மல் குமார் போஸ் இதை எதிர்த்து 1947-ல் விலகினார். அவர் கேட்டதன் சாரம்: சோதனை உங்களுடையது, பாதிப்பு அந்தப் பெண்களுக்கு அல்லவா?

துறவு, விரும்பியதும் திணித்ததும்

ரமணாசிரமச் சமையலறையில் பல ஆண்டுகள் வேலை செய்த பெண்களில் விதவைகள் பலர். பொழுது சாய்ந்தால் பெண்கள் ஆசிரமத்தை விட்டு வெளியே தங்கப் போக வேண்டும் என்பது விதி. ரமணரின் துறவு அவர் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெண்களின் துறவு? விதவை மறுமணச் சட்டம் 1856-லேயே வந்தும், உயர்சாதி வீடுகளில் கணவன் செத்த நாளிலிருந்து பெண்ணின் உடல் ஆசை செத்ததாகவே கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பிரம்மச்சரியம்தான்.

பெண்கள் விரும்பித் துறவு ஏற்ற மரபும் நம் பக்கத்தில் உண்டு. கழுகுமலைச் சமணச் சிற்பங்களின் கீழ் குரத்தியர் என்ற பெண் துறவிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சமணம் துறவிக்கு முழு விரதம், இல்லறத்தாருக்குத் தன் துணையோடு நிறைவு என்று இரண்டு அளவுகோல் வைத்தது. பௌத்தத்தின் மூன்றாம் சீலமும் ஏறக்குறைய இதே. கத்தோலிக்கம் பாதிரியாருக்குத் திருமணத்தைத் தடுத்து, மற்றவர்களின் திருமணத்தைத் திருவருட்சாதனம் ஆக்கியது. இஸ்லாம் துறவறத்தை ஏற்கவில்லை. திருமணம் ஓர் ஒப்பந்தம், மணமகளின் சம்மதம் கேட்கப்பட வேண்டும். நடைமுறையில் எத்தனை வீட்டில் கேட்கிறார்கள் என்பது எல்லா மதத்துக்கும் பொதுவான பஞ்சாயத்து.

சுக்கிலநத்தத்தில் என்ன நடந்தது?

1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் ஒரு திருமணம். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. சுயமரியாதை இயக்கத்தின் முதல் திருமணமாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஐயரை விரட்டிய கதையாக மட்டும் இது பேசப்படுகிறது. உண்மையில் அதில் இருந்தது பாலியல் அறம் பற்றிய கேள்வி. கன்னிகாதானம் என்றால் அப்பா கொடுக்க, மாப்பிள்ளை வாங்க, பெண் பொருள். சுயமரியாதைத் திருமணத்தில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் ஏற்பதாகத் தாங்களே சொல்கிறார்கள். கற்பு என்றால் இருவருக்கும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்பது பெரியாரின் வாதம். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் முதல் அத்தியாயமே கற்பு.

சட்டம் சும்மா விடவில்லை. ஓமம், சப்தபதி இல்லாத இந்தத் திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படி மணந்த பெண்களின் நிலை அந்தரத்தில் நின்றது. 1967-ல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான், முன்பு நடந்தவை உட்பட எல்லாமே சட்டப்படி செல்லுபடியாயின.

கற்பு பற்றிப் பேசினால் தமிழ்நாட்டில் இன்னும் சூடு குறையவில்லை என்பதற்கு 2005 சாட்சி. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு சொன்ன கருத்துக்காக ஊர் ஊராக வழக்கு. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்து, வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்றது.

சம்மதம் இருந்தால் மட்டும் போதுமா?

2018 ஏப்ரல். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரி உதவிப் பேராசிரியை மாணவிகளிடம் பேசிய போன் ஆடியோ வெளியானது. பல்கலைக்கழக உயரதிகாரிகளுக்கு 'ஒத்துழைத்தால்' மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்ற ரீதியில் பேச்சு. மாணவிகள் அதைப் பதிவு செய்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. சிபிசிஐடி விசாரித்தது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்து, உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவரை விடுவித்தது.

அந்த ஆடியோவில் மிரட்டல் தொனி கிடையாது. கொஞ்சல், அக்கறை, நல்லதுக்குச் சொல்றேன் என்ற குரல். ஒரு மாணவி சரி என்று சொல்லியிருந்தால் அது சம்மதமா? மார்க்கும் எதிர்காலமும் யார் கையில் இருக்கிறதோ அவர் கேட்கும்போது 'சரி' என்ற சொல்லுக்கு மதிப்பு இல்லை. ஜெர்மன் தத்துவ அறிஞர் இமானுவேல் கான்ட், எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்று 1785-ல் எழுதிய நூலில் சொன்னது இதற்குத்தான் பொருந்தும். பழைய அறநூல்கள் ஆசையை அடக்கு என்றன, வாக்கை மீறாதே என்றன. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் கேட்பதே தப்பு என்று அவற்றில் எதுவும் அழுத்திச் சொல்லக் காணோம். அதைச் சொல்ல 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. கல்லூரிகளுக்கென்று யுஜிசி 2015-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி சலுகை காட்டுவதாக ஆசை காட்டுவதும் துன்புறுத்தல்தான்.

புகார் கொடுப்பது எப்படி?

ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார் குழு கட்டாயம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுதித் தர முடியாத நிலையில் இருந்தால் குழுவே உதவ வேண்டும். குழுவிடம் போனாலும் போலீஸில் தனியாகப் புகார் தரத் தடையில்லை. பெண்கள் உதவி எண் 181. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098. அப்போது போக்சோ சட்டம் பாயும், அங்கே சம்மதம் என்ற பேச்சே எடுபடாது. மெசேஜ், கால் ரெக்கார்டிங் எதையும் அழிக்க வேண்டாம்.