மரபணுவும் பரம்பரையும்: ரமணரின் சார்கோமாவை முன்வைத்து

புற்றுநோய் மரபணு சார்ந்த நோய் என்று மருத்துவ நூல்கள் கூறுவதை, பரம்பரையாக வரும் நோய் என்றே பலரும் பொருள்கொள்கின்றனர். ‘மரபணு’ என்னும் சொல்லுக்குள்ளேயே ‘மரபு’ குடியிருப்பது இம்மயக்கத்துக்குப் பெரிதும் துணைபோகிறது. புற்றுநோய்க்கு அடிப்படை மரபணுப் பிறழ்வு, அதாவது டி.என்.ஏ.வின் எழுத்துவரிசையில் நேர்ந்து நிலைத்துவிடும் மாற்றம், என்பது உண்மையே. ஆனால் நோய்க்கு வழிவிடும் பிறழ்வைப் பெற்றோரிடமிருந்து பெற்றவர்கள் நோயாளிகளில் 100க்கு 5 முதல் 10 பேர் மட்டுமே. ஏனையோரிடம் அது வாழ்நாளில் ஏதோவோர் உடற்செல்லில் தோன்றி அவர்களோடே முடிந்துவிடுகிறது. முட்டையிலோ விந்தணுவிலோ இல்லாத பிறழ்வு பிள்ளைக்குப் போவதில்லை.

இவ்வேறுபாட்டை விளக்கத் திருவண்ணாமலையில் பலரும் அறிந்த நோய்வரலாறு ஒன்று உதவும். அங்கு ஆசிரமத்தில் வாழ்ந்த ஞானி ரமணரின் இடது முழங்கையருகே தோன்றிய சிறு கட்டி 1949 பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே அறுத்தெடுக்கப்பட்டது. அது மீண்டும் எழவே மார்ச், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களிலும் அறுவை நடந்தது, இடையே ரேடியச் சிகிச்சையும் பச்சிலைக் கட்டும் முயலப்பட்டன, கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. நோய் சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு, நார் முதலிய திசுக்களில் எழும் புற்று. 1950 ஏப்ரல் 14 அன்று இரவு 8.47க்கு அவர் மறைந்த சிறு அறை இன்றும் ஆசிரமத்தில் பேணப்படுகிறது. டி.என்.ஏ.வின் அமைப்பு வெளியானது 1953இல் என்பதால், அக்கட்டியின் மரபணுவை எவரும் படித்திருக்க வழியில்லை. எனினும் நோய் வந்த வயது ஒரு தடயம் தருகிறது.

குழந்தைகளின் விழித்திரைப் புற்றை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நுட்சன் 1971இல் முன்வைத்த ‘இரு அடி’ விளக்கத்தின்படி, செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவின் இரு படிகளும் பழுதானால்தான் கட்டி உருவாகும். ஒரு படி பழுதாகவே பிறந்தவருக்கு இன்னோர் அடி போதும் என்பதால் நோய் இளமையிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும் வருகிறது. 1969இல் லி, ஃபிரவுமெனி என்னும் ஆய்வாளர்கள் இருவரும் விவரித்த, புற்றுநோய் பரம்பரையாக வந்த குடும்பங்களிலும் சார்கோமா சிறுவரையும் இளையோரையுமே பெரிதும் தாக்கியது. அதற்குக் காரணமான டிபி53 மரபணுப் பிறழ்வு 1990இல் இனங்காணப்பட்டது. ரமணருக்கோ 69 வயதில், ஓரிடத்தில், ஒரே கட்டி. இது பரம்பரைக் கோலத்தைவிட வாழ்நாளில் சேர்ந்த பிறழ்வுகளின் கோலத்தோடு ஒத்துப்போகிறது என்று கருதுவதே பொருத்தம். அடியார்களின் வினையை அவர் தம் உடலில் ஏற்றார் என்ற நம்பிக்கையோடு இங்கு வழக்கில்லை; ஆனால் எளிய வாழ்வு வாழ்ந்தவருக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்கு உயிரியலிடம் ஆரவாரமற்ற விடையொன்று உண்டு. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள் படியெடுக்கப்படுகின்றன. திருத்தும் நொதிகளின் கண்ணுக்குத் தப்பிய பிழைகள் வயதோடு சேர்ந்துகொண்டே போகின்றன.

உறவுக்குள் மணம்புரிவதே புற்றுநோய்க்குக் காரணம் என்ற பேச்சும் அளவோடு கொள்ளத்தக்கது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வந்தாலன்றித் தோன்றாத, புற்றுக்கு வழிகோலும் ஃபன்கோனி இரத்தச்சோகை போன்ற அரிய நோய்களுக்கு அது பொருந்தும். ஆனால் மார்பகம், சூலகம் ஆகியவற்றின் புற்றுக்கு வழிவிடும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 பிறழ்வுகளுக்கு ஒரு பெற்றோரே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்ல 50 விழுக்காடு வாய்ப்புண்டு. தந்தையிடமிருந்தும் வரலாம் என்பதை மறந்து தாய்வழியை மட்டும் விசாரிப்பது பெரும் பிழை.

இரு வழியையும் விசாரித்து மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் எழுதும் மருத்துவருக்குத் தமிழ் உறவுமுறைச் சொற்கள் தாய்வழி தந்தைவழியைப் பிரித்துக்காட்டி உதவுவனபோலத் தோன்றினாலும், ‘அத்தைக்கு மார்பில் கட்டி வந்தது’ என்று ஒரு பெண் சொன்னால், அந்த அத்தை அப்பாவின் உடன்பிறந்தவரா, தாய்மாமனின் மனைவியா, அல்லது மாமியாரா, உறவில் மணந்திருந்தால் இவற்றில் இரண்டுமா என்று கேட்டுத் தெளிந்த பிறகே வரைபடத்தில் அவருக்குரிய வட்டத்தை, நோயுற்றவர் என்று காட்டக் கறுப்பாக்க முடியும்.