ஒரே குருதி, இரு பக்கங்கள்: விந்தக இறக்கத்தில் நரம்பின் பங்கு

கருவில் சிறுநீரகத்தின் அருகே தோன்றும் விந்தகம் விதைப்பையை அடைவது இரண்டு கட்டங்களில். முதற்கட்டம் மனிதக் கருவில் ஏறத்தாழ 8 முதல் 15ஆம் வாரம் வரை நிகழ்கிறது. விந்தகத்திலுள்ள லேடிக் செல்கள் சுரக்கும் இன்சுலின் போன்ற ஹார்மோன் ஒன்று, விந்தகத்தின் அடியிலுள்ள குபர்னாகுலம் என்னும் திசுவைப் பருக்கச் செய்து விந்தகத்தைக் கவட்டருகே நிறுத்துகிறது. 25 முதல் 35ஆம் வாரம் வரையிலான இரண்டாம் கட்டத்தில் விந்தகம் கவட்டைக் கடந்து விதைப்பைக்குள் இறங்குகிறது. இதற்கு ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோன் தேவை. ஆனால் ஆண்ட்ரோஜன் மட்டும் போதும் என்ற விளக்கம் ஓர் எளிய மருத்துவ உண்மையின் முன் நிற்பதில்லை. நிறைமாத ஆண் குழந்தைகளில் 2 முதல் 4 சதவீதத்தினருக்கு விந்தகம் இறங்காமல் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு பக்கத்தில் மட்டுமே. இரு பக்கத்துக்கும் ஓடுவது ஒரே குருதி. பக்கத்துக்குப் பக்கம் வேறுபடக்கூடிய ஏதோ ஒன்று ஹார்மோனுக்கும் திசுவுக்கும் இடையே செயல்பட வேண்டும். அது நரம்புதான் என்பதே என் வாதம்.

இடுப்பின் முதல், இரண்டாம் தண்டுவட மட்டங்களிலிருந்து வரும் பிறப்புறுப்பு-தொடை நரம்பு குபர்னாகுலத்துக்கும் விதைப்பைக்கும் கிளைவிடுகிறது. பிறந்த எலிக்குட்டிகளில் இந்த நரம்பை வெட்டினால் விந்தகம் இறங்குவதில்லை என்பது 1948இலேயே பதிவானது. மெல்போர்னில் ஜான் ஹட்சன் குழுவினர் 1980களில் இதை மீண்டும் சோதித்து, நரம்பு முனைகளிலுள்ள சி.ஜி.ஆர்.பி. என்ற பெப்டைடை மையமாகக் கொண்டு ஒரு கொள்கையை முன்வைத்தனர். எலிக்குட்டியின் குபர்னாகுலத்தைத் தனியே எடுத்து, வளர்ப்புத் தட்டில் இந்தப் பெப்டைடைச் சேர்த்தால், அது சீரான தாளத்தில் சுருங்கி விரிகிறது. உடலிலிருந்து பிரிந்த ஒரு துணுக்குத் திசு இப்படித் துடிப்பது, நரம்பின் சொல்லைக் கேட்கும் ஏற்பிகள் அதனிடம் உள்ளன என்பதற்கு நேரடிச் சான்று.

இதற்கு முதல் மறுப்பு, நரம்பை வெட்டினால் விந்தகத்தை மேலே இழுக்கும் கிரிமாஸ்டர் தசை செயலிழக்கும், இறக்கம் நின்றதற்கு அதுவே காரணம் என்பது. செயலிழப்பு நகர்வு நின்றதை விளக்கலாம். திசை மாறுவதை விளக்காது. எலியினங்களில் சி.ஜி.ஆர்.பி.யை வெளியிலிருந்து செலுத்தியபோது குபர்னாகுலம் நகரும் திசையே மாறியிருக்கிறது. எனவே இந்த நரம்பு இழுக்கும் விசை என்பதைவிட வழிகாட்டி என்பதே பொருந்தும். இரண்டாவது மறுப்பு கனமானது: ஆண்ட்ரோஜன் நரம்பின் வழியாகச் செயல்படுகிறது என்றால், உரிய காலத்தில் அந்த நரம்புச் செல்களில் ஆண்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்க வேண்டும். தேடியவர்களுக்கு அவை அங்கே தென்படவில்லை. கவட்டைச் சுற்றிய திசுவில்தான் தென்பட்டன. அத்திசு ஹார்மோனைப் பெற்று, வளர்ச்சிக் காரணிகளால் நரம்பைப் பயிற்றுகிறது என்பது இன்னும் முழுமையாக நிறுவப்படாத கருதுகோள். ஆயினும் காலக்கணக்கு அதற்குத் துணை நிற்கிறது. கருவுற்ற எலிக்கு 16 முதல் 19ஆம் நாள் வரை ஃப்ளூட்டமைடு கொடுத்து ஆண்ட்ரோஜனைத் தடுத்தால், குட்டிகள் பிறந்து வாரங்கள் கழித்து நிகழவேண்டிய இறக்கம் கெடுகிறது. முன்பே எழுதப்பட்ட கட்டளையைப் பின்னர் நிறைவேற்றும் ஏதோ ஓர் அமைப்பு இல்லாமல் இந்த இடைவெளி சாத்தியமில்லை.

எலியின் முடிவுகளை அப்படியே மனிதனுக்குப் பொருத்துவது தவறு. எலியின் குபர்னாகுலத்தில் தசை மிகுதி. மனிதனுடையதில் மிகக் குறைவு. ஆகவே மனிதனில் துடிப்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை, திசையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். தண்டுவடம் மூடாமல் பிறக்கும் சிறுவர்களிடம் இறங்காத விந்தகம் வழக்கத்தைவிட மிகுதி என்பது நரம்புக்கு ஆதரவாகக் காட்டப்படுகிறது. வயிற்றுத் தசைகள் தளர்ந்து உள்ளழுத்தம் குறைவதும் காரணமாகலாம் என்பதால், இந்தச் சான்றைத் தனியாக நான் எடையிட மாட்டேன். அதைவிட, விந்தகம் சில குழந்தைகளில் விதைப்பையைத் தவறவிட்டு மலவாயருகே சென்று அமைவது என்னை அதிகம் நம்பவைக்கிறது. அங்கே நகர்வு நிகழ்ந்திருக்கிறது, இலக்குதான் பிழைத்திருக்கிறது. பிறந்த பிறகு ஊசியில் ஹார்மோன் செலுத்தி விந்தகத்தை இறக்கும் முயற்சிகள் பெரும்பாலும் பலன் தராததும் இந்தப் பார்வையில் வியப்பில்லை: கட்டளை எழுதப்படும் காலம் கருவிலேயே முடிந்துவிடுகிறது. 6 முதல் 18 மாதத்துக்குள் அறுவைசிகிச்சை செய்வதே இன்றுவரை உறுதியான வழி.