படக்கோப்பு மாற்றம் உலாவிக்குள் வந்த வரலாறு

இணையப் பக்கத்தில் எழுத்தோடு படமும் சேர்ந்து தெரிவதை 1993இல் வெளிவந்த மொசைக் உலாவி பரவலாக்கியது. அன்று இணையத்தில் அதிகம் புழங்கிய பட வடிவம் ஜிஃப். அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட்டும் குழுவினரும் 1987இல் அதை உருவாக்கினர். 256 நிறங்களே அதன் எல்லை என்பதால் சின்னங்களுக்கும் கோட்டுப் படங்களுக்கும் பொருந்தியது, புகைப்படத்துக்குப் போதவில்லை.

அந்தக் குறையை ஜேபெக் தீர்த்தது. 1986இல் அமைந்த நிபுணர் குழு ஒன்று 1992இல் அதைத் தரப்படுத்தியது. படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துவிட்டு எழுதுவது அதன் முறை. பெங்களூரில் பிறந்த நசீர் அகமதும், அவருடன் டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையே இதற்குக் கணித அடித்தளம்.

மூன்றாவது வடிவம் காப்புரிமைச் சண்டையில் பிறந்தது. ஜிஃப் பயன்படுத்தும் சுருக்கமுறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அந்த வடிவத்தைக் கையாளும் மென்பொருள்களுக்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற அறிவிப்பு 1994 டிசம்பரில் வந்தது. கொதித்துப்போன நிரலாளர்கள் அடுத்த மாதமே மாற்று வடிவத்தை வகுக்கத் தொடங்கினர். அதுதான் பிஎன்ஜி. 1996 அக்டோபரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதற்கு ஒப்புதல் அளித்தது.

வடிவங்கள் பெருகியதும் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் தேவையும் பெருகியது. தொடக்கத்தில் அது கணினியில் நிறுவிய மென்பொருள்களின் வேலை; 1990இல் இலவசமாக வெளியான இமேஜ்மேஜிக் அவற்றுள் புகழ்பெற்றது. பின்னர் வந்த மாற்றித் தரும் தளங்களில் படத்தை ஏற்றினால், தொலைவிலுள்ள சர்வர் மாற்றித் திருப்பி அனுப்பும். இணைப்பு மெதுவாக இருந்தால் காத்திருக்க வேண்டும். குடும்பப் படமானாலும் அடையாள அட்டையானாலும் முன்பின் தெரியாதவரின் கணினிக்குப் போய்த்தான் திரும்பும்.

2004இல் ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன்வாஸ் இதற்கு மாற்றுவழி திறந்தது. உலாவிக்குள் படம் வரைவதற்கான இந்தப் பரப்பு பிறகு எச்டிஎம்எல்5 தரத்தில் இடம்பெற்றது. பயனர் தேர்ந்தெடுக்கும் கோப்பை உலாவியே படிக்கும் வசதியும் சேர்ந்தபின், மாற்றம் மூன்று படிகளில் முடிந்தது: கோப்பைப் பிரித்துப் புள்ளிகளாக்குதல், அவற்றைக் கேன்வாஸில் வரைதல், வேறு வடிவில் எழுதச் சொல்லுதல். 4000×3000 புள்ளிகள் கொண்ட புகைப்படம், புள்ளிக்கு 4 பைட் வீதம், இதற்கிடையில் 48 மெகாபைட் நினைவகத்தைப் பிடிக்கும். ஜேபெக்கில் ஒளிபுகும் பகுதி என்பதே கிடையாது. பின்னணி நிறம் தராமல் பிஎன்ஜி படத்தை அதற்கு மாற்றினால் ஒளிபுகும் இடமெல்லாம் கறுப்பாகிவிடும். எடுத்த நாள், இடம், கேமரா முதலிய விவரங்களும் இவ்வழியில் உதிர்ந்துவிடும்.

கேன்வாஸுக்கும் எல்லை உண்டு. உலாவிக்குத் தெரிந்த வடிவங்களே அதற்கும் தெரியும். 2017இல் ஐஃபோன்கள் ஹெய்க் வடிவில் படங்களைச் சேமிக்கத் தொடங்கியபோது உலாவிகளால் அவற்றைத் திறக்க முடியவில்லை. அதே ஆண்டு முன்னணி உலாவிகள் நான்கிலும் வெப்அசெம்பிளி இடம்பிடித்தது. சி மொழியில் எழுதிய படச்சுருக்க மென்பொருளை உலாவிக்குள்ளேயே ஓட்ட அது வகைசெய்தது. 2018இல் கூகுள் குரோம் குழு வெளியிட்ட ஸ்கூஷ் என்ற இணையச் செயலி இதன் பயனைக் கண்கூடாகக் காட்டியது. சர்வர் உதவியின்றி, 2010இல் கூகுள் அறிமுகப்படுத்திய வெப்பி உட்படப் பல வடிவங்களுக்கு அது படத்தை மாற்றித் தந்தது.

வேலை சர்வரிலிருந்து உலாவிக்கு வந்தாலும் வடிவங்களின் இயல்பு மாறவில்லை. ஜேபெக் ஒருமுறை கழித்த நுணுக்கத்தை பிஎன்ஜியாக மாற்றி மீட்க முடியாது, கோப்புதான் பெருக்கும். ஆகவே எந்த வடிவுக்கு மாற்றினாலும் மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருப்பதே நல்லது.