மாடிப்படி லைட்

நான் கோலார் தங்கவயல்காரன். எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்தது 1902-இல். காவிரிக் கரையில் சிவசமுத்திரத்திலிருந்து தங்கச் சுரங்கத்துக்கென்றே கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். 2001-இல் சுரங்கத்தை மூடுவதற்கு முன்பே நான் வேலூருக்கு வந்து வயரிங் வேலையில் இறங்கிவிட்டேன். இன்று வீடு வீடாக நான் மாட்டுகிற, கரண்ட் கசிந்தால் அறுக்கிற ஆர்.சி.சி.பி.யும் ஆரம்பக் காலத்திலேயே ஒரு தங்கச் சுரங்கத்து ஊரின் வீடுகளுக்குள் நுழைந்தது என்று தெரிந்தபோது, வெளியூரில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

நான் தொழில் கற்றது ரீப்பர் வயரிங்கில். மரக்கட்டை மேல் வயரை ஓட்டி கிளிப் அடிப்போம். மெயின் போர்டில் பீங்கான் கேரியர், அதில் ஒரு இழை ஃபியூஸ் கம்பி. வீட்டுக்குக் காவல் அவ்வளவுதான். அந்தக் காவலும் வயருக்குத்தான், ஆளுக்கு இல்லை. 100 வாட் பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதில் நாலில் ஒரு பங்கு நெஞ்சு வழியாகப் போனால் ஆள் காலி. 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஒரு சின்ன பல்பு எரிகிற கணக்கு. ஆள் துடித்துக்கொண்டிருப்பான், ஃபியூஸ் அசையாது.

பிறகு வந்த பழைய ஈ.எல்.சி.பி. வேறு ரகம். மிஷின்களின் இரும்புச் சட்டத்துக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு காயில் இருக்கும். சட்டத்தில் ஏறத்தாழ 50 வோல்ட் ஏறினால் காயில் இழுத்து சுவிட்சைத் தள்ளும். யோசனை நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளை பிளக்கில் விரலை விட்டால் கரண்ட் அந்தக் காயில் பக்கமே போகாது. பிள்ளை உடம்பு வழியாகத் தரைக்குப் போய்விடும்.

முதலில் சொன்ன ஆர்.சி.சி.பி. கதைக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் ஹென்றி ரூபின் என்ற இன்ஜினியர் தங்கச் சுரங்கங்களுக்காக 1955-இல் ஒரு கருவி செய்தார். அது 250 மில்லி ஆம்பியர் கசிந்தால் அறுக்கும். அதற்கு முன்பிருந்தவை 10 ஆம்பியர் அளவுக்குக் கசிந்தால்தான் கண் விழிக்கும் என்பதால் அதுவே பெரிய தாவல். மனிதர் அதோடு நிற்கவில்லை. அடுத்த வருஷமே 20 மில்லி ஆம்பியருக்குள் விழுகிற ஒன்றைச் செய்துவிட்டார். அந்தச் சமயம் ஸ்டில்ஃபாண்டெய்ன் என்ற சுரங்க ஊரில் ஒரு பெண் வீட்டில் கரண்ட் அடித்து இறந்துபோனார். 1957, 58-இல் அந்த ஊர்க் குடியிருப்புகளில் சில நூறு வீடுகளுக்கு அதை மாட்டினார்கள். சுரங்கத்துக்குள் அத்தனை ஆபத்து இருக்க, கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு பெண்ணின் சாவு.

எத்தனை மில்லி ஆம்பியரில் அறுப்பது என்பதற்கும் உடம்பைக் கொடுத்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்சியல், ஆட்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எந்த அளவுவரை விட்டுவிட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேல் போனால் பிடித்த கை பிடித்தபடிதான். ஆஸ்திரியாவின் காட்ஃப்ரீட் பீகல்மையர் இன்னும் ஒரு படி மேலே போய்த் தன் உடம்பிலேயே கரண்டை விட்டுப் பார்த்தவர். எனக்கும் வேலையில் எத்தனையோ முறை அடித்திருக்கிறது, ஒரு தடவையும் அளக்கத் தோன்றியதில்லை.

கருவிக்குள் பெரிய மந்திரம் இல்லை. ஒரு வளையம், அதன் வழியாக ஃபேஸும் நியூட்ரலும் போகும். போனது அப்படியே திரும்பி வந்தால் வளையம் சும்மா இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் எங்கேயோ, யார் வழியாகவோ வெளியே போகிறது என்று அர்த்தம். கண் இமைக்கிற நேரத்தில் சுவிட்ச் கட்டை விழுந்துவிடும்.

நம் நாட்டில் 1956-ஆம் வருஷத்து மின்சார விதிகளில் பிற்பாடு 61-ஏ என்று ஒன்றைச் சேர்த்து இதைக் கட்டாயம் ஆக்கினார்கள். ஆனால் அந்த விதியில் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சாதாரண வீட்டுக்கு விலக்கு இருந்தது. ஏ.சி. வைத்தவர் வீட்டுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, ஈரத் தரையில் நின்று மாவாட்டுகிறவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பழைய வீட்டுக்கு ஆர்.சி.சி.பி. மாட்டிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்த வீட்டம்மா போன் செய்தார். "தம்பி, தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரெக்டா விழுந்துடுது. அதை எடுத்துடேன்." பகலில் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா மாடிப்படி லைட்டைப் போட்டார், டக்கென்று விழுந்தது.

மாடி பின்னால் கட்டியது, அதற்குத் தனி மெயின். படி லைட்டுக்கு ஃபேஸைக் கீழேயிருந்து எடுத்த எவனோ, நியூட்ரலை மாடியில் கிடைத்ததோடு முறுக்கிவிட்டிருக்கிறான். 40 வாட் பல்புதான், ஆனால் கீழேயிருந்து போன 170 மில்லி ஆம்பியர் மாடி வழியாகத் திரும்பினால் வளையத்துக்குக் கணக்கு உதைக்கும். ஃபியூஸ் காலத்தில் யாருக்கும் தெரியாமல் கிடந்த ஒட்டு அது. கீழேயிருந்து புது நியூட்ரல் இழுத்தேன். பல்பு எரிந்தது, கட்டை நின்றது.

கிளம்பும்போது அடுப்படியில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு மணைப்பலகை கிடந்தது. "லேசா புடிக்கும் தம்பி, பலகை மேல நின்னுக்குவேன்" என்றார். டூ பின் பிளக், எர்த்தே இல்லை. அதை வெட்டிவிட்டு மூன்று பின் போட்டு, எர்த்தைக் கிரைண்டர் உடம்போடு சேர்த்து சுவிட்சைத் தட்டினேன். வீடே இருண்டது.

"இருபது வருஷமா நல்லாத்தான ஓடுது" என்றார் அந்தம்மா இருட்டில்.

டார்ச் வெளிச்சத்தில் மோட்டாரைக் கழற்றினேன். டெர்மினலைச் சுற்றி மாவு காய்ந்து, மேலே ஈரத்தோடு அப்பியிருந்தது.