விடுதலை வேறு, சுதந்திரம் வேறு

விடுதலை, சுதந்திரம் என்னும் இரு சொற்களையும் நாம் இன்று ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வழங்கி வருகிறோம். மேலைநாட்டு அரசியல் அறிஞருள் சிலர் இவற்றைப் பிரித்தே பேசினர். ஹன்னா அரெண்ட் அம்மையார், புரட்சி பற்றி 1963இல் வெளியிட்ட நூலில், தளையறுதல் முதற்படியே. பொதுக் காரியங்களில் பங்கு கொள்வது அதற்கு அப்பாலுள்ள நிலை என்று வாதிட்டார். அரபியிலும் அடிமையை உரிமை விடும் செயலுக்கு 'இத்க்' என்றும், அடிமையல்லாதவனின் நிலைக்கு 'ஹுர்ரிய்யத்' என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. எனினும் இவ்வேறுபாட்டைக் காண நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையே போதும்.

பழைய நிலவரி வழக்கில் 'சுதந்திரம்' என்றால் களத்து நெல்லில் ஒருவருக்குரிய பங்கு. அறுவடையின்போது தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலிய கிராமப் பணியாளர்க்கு அளந்த நெல்லுக்கு அதுவே பெயர். தமிழ் பைபிளிலும் சுதந்தரவாளி என்பவர் வாரிசுதாரரே. ஆக, பலர் நடுவே நின்று 'இது எனக்குரியது' என்று கேட்டுப் பெறும் தகுதி சுதந்திரம். விடுதலையோ கட்டு அவிழ்வது மட்டுமே; அவிழ்ந்தவன் எங்கே போவான், எதை உண்பான் என்று அது கேட்பதில்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்றங்களில் இருந்த ஆதரவை நீக்கிற்று. வயலில் உழைத்த பண்ணையாட்களுக்கு ஒரு மரக்கால் விதைப்பாடும் தரவில்லை. களத்துப் பங்கு பெற்றவரின் நிலையும் முழுமையானதன்று. பங்கு இருந்தது, பரம்பரைத் தொழிலை உதறிச் செல்லும் வழிதான் இல்லை.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். ஜனாப் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார்கள். ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். குடை கிடைத்தது, கப்பலில் பங்கு கிடைக்குமா?

1908 மார்ச் 9ஆம் நாள், அரவிந்தருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துச் சிறைப்பட்ட விபின் சந்திர பாலரின் விடுதலையை நெல்லையில் கொண்டாடினர். அக்கொண்டாட்டத்தில் முழங்கிய கோரிக்கையோ சுயராஜ்யம்! மார்ச் 12இல் பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி டவுண் கொந்தளித்தது. அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

பிள்ளையவர்களுக்கு ஜாமீன் கிடைத்தது. தோழர்களை உள்ளே விட்டுவிட்டுத் தாம் மட்டும் வெளியேற மாட்டேன் என்று மறுத்துவிட்டார். தனியொருவனாகப் பெறும் விடுதலை அவருக்கு எவ்வளவு மலிவாகத் தோன்றிற்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே விதித்த இரட்டை ஆயுள் தண்டனை மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார்.

1912 டிசம்பரில் விடுதலை வந்தது. அப்போது கம்பெனி கலைந்திருந்தது, கப்பல் விலைபோயிருந்தது, வழக்கறிஞர் சன்னதும் பறிபோயிருந்தது. சிறைக் கதவு திறந்தபின்னும் தம் தொழிலைச் செய்யும் உரிமையற்றவராய், சென்னையில் சிறுகடை நடத்திப் பிழைத்தார். பல ஆண்டுகள் கழித்து, வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியில் மீண்டும் வழக்காடினார். அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.