சீப்பும் கத்தரியும்: சீக்கியக் குழந்தைகளின் படநூல்களை முன்வைத்து

அப்பா மகளுக்குத் தலைவாரிப் பின்னி விடுகிறார். தன் நீண்ட முடியையும் சீவி முடிந்து தலைப்பாகை கட்டிக்கொள்கிறார். சில நாள் இருவருக்கும் ஒரே மாதிரிக் கொண்டை. ராக்கி மிர்சந்தானி எழுதி 2021இல் அமெரிக்காவில் வந்த ‘ஹேர் ட்வின்ஸ்’ படநூலில் நடப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். இதில் என்னய்யா அரசியல் என்று கேட்கலாம். அந்த முடியின் வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

வெட்டாத முடியும் அதைச் சீவும் சீப்பும் 1699இல் குரு கோபிந்த் சிங் உருவாக்கிய கால்சாவின் அடையாளங்கள். உடலிலேயே இருக்கும் அடையாளத்தை ஒளித்துவைக்க முடியாது. 1978இல் பர்மிங்ஹாமில் ஒரு தனியார் பள்ளி, முடியை வெட்டித் தலைப்பாகையைக் கழற்றினால்தான் பையனைச் சேர்ப்போம் என்றது. அப்பா வழக்குப் போட்டார். சீக்கியர் ஓர் இனக்குழு, இனப்பாகுபாட்டுச் சட்டம் அவர்களையும் காக்கும் என்று 1983இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, 1984 நவம்பரில், தில்லித் தெருக்களில் கும்பல் ஆளை அடையாளம் கண்டது இதே முடியை வைத்துத்தான். பிள்ளைகளைக் காப்பாற்ற வீட்டாரே அவர்கள் முடியைக் கத்தரித்தார்கள். சில பையன்களுக்குச் சடை பின்னிப் பெண்பிள்ளை உடுப்பு மாட்டினார்கள். 2001 செப்டம்பர் 15இல் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டதற்கும் தலைப்பாகையே காரணம். நாமோ இங்கே சர்தார்ஜி ஜோக் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சீக்கியக் குழந்தை அதுவரை பார்த்து வளர்ந்த படங்கள் பெரும்பாலும் தியாகத்தின் படங்கள். சிர்ஹிந்தில் குருவின் இரு இளம் புதல்வர்களைச் சுவரில் வைத்துக் கட்டும் காட்சியை எத்தனையோ குருத்வாராக்களில் காணலாம். 2022இல் ஒன்றிய அரசு டிசம்பர் 26ஐ ‘வீர் பால் திவஸ்’ ஆக்கியது. அரசுக்கு வேண்டியது செத்துப்போன குழந்தை. அதைத் தன் தேசியக் கதையாடலுக்குள் சுலபமாக இழுத்துக்கொள்ளலாம். படநூலின் குழந்தையோ உயிரோடு இருக்கிறது. சுப்ரியா கேல்கரின் ஹர்ப்ரீத் சிங் (2019) மனநிலைக்கு ஒரு நிறமாகப் பட்கா கட்டுகிறான், புது ஊரில் நண்பன் கிடைக்காமல் வாடுகிறான். வீரனாக வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. இந்த விடுதலை சின்ன விஷயமல்ல.

ஆனாலும் ஒரு நெருடல். இந்தப் பிரதிகளின் முன்னால் வெள்ளைக்கார வகுப்பறை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் சிறுபான்மைக் குழந்தை இனிமையாகவே இருந்தாக வேண்டியிருக்கிறது. நான் சொன்ன இரண்டு நூல்களிலும் சீப்பு இருக்கிறது, பட்கா இருக்கிறது. 1984இன் கத்தரி இல்லை. பிஞ்சுகளுக்கு அதெல்லாம் எதற்கு என்பார்கள். அந்தக் கத்தரி இறங்கியதே பிஞ்சுகளின் தலையில்தானே?

அன்று முடி இழந்த பையன் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பான். தன் மகளுக்குத் தலைவாரும்போது அவன் கை ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தை வரைந்த படநூல் இன்னும் என் கைக்கு வரவில்லை.